ஒரு கண்ணுக்கு மை

சூரியநெல்லி ஸ்டாண்டில்
நாலு காலாலும் எந்நேரமும் நடப்பது
என் வண்டி ஒன்றுதான்.
மற்ற ஜீப்புகளில் ஏற்றம் வந்தால்தான்
முன்காலுக்கு வேலை.
இதற்கு ஓய்வே கிடையாது,
தாரிலும் சேற்றிலும்,
சும்மா அரிசி வாங்கப் போகும்போதும்.

எஸ்டேட் ஏலத்தில் எடுத்தோம்.
வந்தவர்கள் எல்லாம் என்ஜினைக் கேட்டார்கள்.
நான் படுத்து அதன் வயிற்றைப் பார்த்தேன்.

கொழுக்குமலை விடியலுக்கு
மூன்றரைக்குக் கிளம்பணும்.
இரண்டரைக்கே சாக்கு விரித்து
வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு அடியில் நுழைவேன்.
முன் ஷாஃப்டில் ஒரு நிப்பிள், பின்னதில் இரண்டு,
எப்போதும் மறந்துபோகும் இன்னொன்று.
பழைய கிரீஸ் பிதுங்கும்வரை அடிப்பேன்.
பழுப்பாய் வந்தால் சரி.
துருச் சிவப்பாய் வந்தால்
உள்ளே ஊசிகள் பொடியாகின்றன.
ஷாஃப்டைப் பிடித்து முறுக்குவேன்.
'டக்' என்று பதில் சொன்னால்
அன்றைக்கு மலை இல்லை.

அக்கா வண்டிக்குப் பிரசவம் பாக்குறாங்க என்பான் இசக்கிராஜா.
சிரிக்கட்டும்.
போன வருடம் அவன் முன் ஷாஃப்டை
ஏலத்தோட்டத்தில் தேடி எடுத்தது
என் டார்ச்சுதான்.

ஆனால் எனக்கும் ஒரு கதை உண்டு.
மழைக்கு முன்னால்
பின் இடது டயர் பாறையில் கிழிந்தது.
என் வீட்டுக்காரர் தெரஸ்நாதன்
பூப்பாறையிலிருந்து ஒற்றைப் புது டயரோடு வந்தார்.
'நாலில் ஒன்றுதானே போச்சு.'
நானும் சரி என்றேன்.
அதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்.

மூன்று தேய்ந்தவை, ஒன்று புதிது.
ஒரு சுற்றுக்கு மூன்று விரல் வித்தியாசம்.
அந்த மூன்று விரலை
யாராவது விழுங்கியாகணும்.
சேற்றிலென்றால் வழுக்கித் தப்பும்.
தாரில் எங்கே போகும்?
நடு டிஃபரென்ஷியல் விழுங்கியது,
மூணாறுக்கு, நெடுங்கண்டத்துக்கு, திரும்ப மூணாறுக்கு,
ஒரு மாதம் முழுக்க.

ஓர் ஊளை கேட்டது.
நாற்பதில் எழும், அறுபதில் அடங்கும்.
நாங்கள் பாட்டைக் கூட்டி வைத்தோம்.

சாஜு ட்ரெயின் போல்ட்டைத் திறந்தான்.
'சேச்சீ, இது ஓயிலல்லா, வெள்ளியாணு.'
மினுமினுத்து இறங்கியது கருங்கூழ்.
காந்தமுனையில் ஒரு பல்.
உவமை இல்லை, பல்லேதான்,
சுண்டுவிரல் நகம் அளவு.

பதினோரு நாள் வண்டி கல்மேல் நின்றது.
மகளின் ஹாஸ்டல் பணம்
நாலு டயராகவும் ஒரு கியர்ப்பெட்டியாகவும் ஆனது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

இப்போது என்னிடம் ஒரு பாவாடை நாடா இருக்கிறது.
மாதம் ஒருமுறை
நாலு டயரையும் இடுப்பளவு எடுப்பேன்.
ஒரு விரலுக்கு மேல் விலகினால்
முன்னதைப் பின்னால் போடுவேன்.

பூட்டு விஷயம் வேறு.
சேறு கண்ணில் பட்டதுமே போடணும்,
சக்கரம் வெறுமனே சுழன்ற பிறகல்ல.
அது ஓடுகிற மிக்சியில் கரண்டி விடுவது.
தார் தொட்டதும் எடுக்கணும்.
எடுத்தும் விளக்கு அணையாவிட்டால்
பத்தடி பின்னால் வருவேன்.
முறுக்கிய கயிறு பிரிவதுபோல்
தரைக்கடியில் ஒரு பெருமூச்சு.
அதற்காக எந்த ஹாரனுக்கும் நகர மாட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் எண்ணெய் மாற்றினேன்.
பால் கலக்கவில்லை:
ஓடைத் தண்ணீர் உள்ளே போகவில்லை,
பானட்வரை இழுத்துக் கட்டிய மூச்சுக்குழாய் வேலை செய்கிறது.
காந்தத்தில் சாம்பலாய் ஒரு பூச்சு.
விரல்களுக்கிடையில் தேய்த்தேன், உறுத்தவில்லை.
ஒரு கண்ணுக்கு மை தீட்டலாம்.
இரண்டு கண்ணுக்கும் காணுகிற அன்றைக்கு
யார் எவ்வளவு கொடுத்தாலும் வண்டி வராது.

மூன்று இருபது.
லாட்ஜ் பையன் கூப்பிடுகிறான்.
ஐந்து பேராம்.
ஓர் அம்மா கேட்கிறாராம், வண்டி ரொம்பக் குலுங்குமா?

குலுங்கும் என்று சொல்.