கல், ஒன்று

கழிவறைச் சாவி நிலைய அதிபரிடம் இருக்கும்.
குடிநீர் இரண்டாம் மேடைக் கோடியில்.
குழாயைத் திறந்ததும் முதலில் காற்று வரும், பொறுக்க வேண்டும்.
பெண்கள் தங்கும் அறையை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.
பதுளை வண்டி எப்போது என்று கேட்டால்
"மேலே மண் சரியவில்லை என்றால், இப்போது" என்பேன்.
என் வேலை அதுவல்ல.
நான் பார்சல் பகுதி.
தற்காலிகம், பதினோராவது வருடம்.

இங்கிருந்து லீக்ஸ் இறங்கிப் போகும், கரட் போகும்.
கொழும்பிலிருந்து மெத்தைச் சுருள் ஏறி வரும்.
புறக்கோட்டைக் கடையில் நிற்கும் பையன்
லயத்திலிருக்கும் அம்மாவுக்கு மின்விசிறி அனுப்பியிருப்பான்.
அட்டன் குளிரில் விசிறி எதற்கு என்று நான் கேட்பதில்லை.
நிறுப்பேன், ஒட்டுவேன், கையொப்பம் வாங்குவேன்.

அறிவிப்பு மூன்று மொழியில் உண்டு.
தமிழ் முடியும் நேரம்
வண்டியின் கடைசிப் பெட்டி வளைவில் திரும்பியிருக்கும்.
எங்கள் ஆட்கள் காதை நம்புவதில்லை,
தண்டவாளத்தைப் பார்த்தே மூட்டையைத் தூக்குவார்கள்.

என் அறைக் கதவுக்கு முட்டாக
ஓர் அம்மி கிடக்கிறது.
குழவி இல்லை.
ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று
யாரோ சமவெளியில் இருந்தவர் சொல்லியிருக்க வேண்டும்.
இங்கே ஆடிக் காற்றை நிறுத்தி வைப்பதே அதுதான்.
சீசன் டிக்கெட் பையன்கள் அதில் கால் வைத்து
சப்பாத்து நாடா கட்டுவார்கள்.
ஆயுத பூசையன்று போர்ட்டர் சந்தனம்
தராசுக்கு வைக்கும் பொட்டில் மீதியை
அதற்கும் வைப்பான்.

இந்த ஆடியில் தலைமையகக் கடிதம் வந்தது:
உரிமை கோரப்படாத பொருட்கள் யாவற்றையும்
பட்டியலிடுக.
மூன்று பிரதிகள்.

இராமபாணம் தின்ற பேரேடுகளை இறக்கினோம்.
தும்மித் தும்மி எழுபத்திரண்டாம் வருடத்துக்கு வந்தபோது
ஆங்கிலத்தில், சாய்ந்த கையெழுத்தில் இருந்தது:

கல், ஒன்று. ஐம்பத்தொன்பது இறாத்தல்.
அனுப்புநர்: வீ. சன்னாசி, மேல் டிவிசன்.
சேருமிடம்: தலைமன்னார் இறங்குதுறை.
கட்டணம் செலுத்தப்படவில்லை.

அதே தேதி, அதே பெயர், மேல் வரிகளில்
தகரப் பெட்டி, போனது.
தகரப் பெட்டி, போனது.
பாய்ச் சுருள், போனது.
தப்பு ஒன்று, தோல் கிழிந்தது, அதுவும் போனது.
கடைசியில் காசு தீர்ந்திருக்கிறது.

குழவிக்கு வரியே இல்லை.
மடியில் வைத்துக் கொண்டுபோயிருப்பார்கள்.
மடியில் இருப்பதற்கு
ரயிலில் கட்டணம் கிடையாது.

நான் பேரேட்டை மூடவில்லை.
தேநீர் ஆறிப்போனது, சந்தனம் எடுத்துக் குடித்தான்.

படிவத்தில் ஒரு கட்டம்: தற்போதைய பயன்.
'கதவு நிறுத்தி' என்று எழுதினேன்.
அடுத்த கட்டம்: உரிமையாளரின் இன்றைய முகவரி.
வெறுமையாக விட்டால் திரும்பி வரும்.
கடலுக்கு அந்தப் பக்கம் எந்த மலையில்,
எந்தத் தேயிலைக்கு நடுவில் என்று எழுதுவது?
கோடு கிழித்தேன்.
கோடு பிடிக்கவில்லை, அழித்தேன்.
தாள் ஓட்டையானது.

எடையைப் புதிதாகப் போடச் சொல்லியிருந்தார்கள்.
நானும் சந்தனமும் ஆளுக்கொரு முனை பிடித்துத்
தரைத் தராசில் ஏற்றினோம்.
இருபத்தாறு கிலோ.
பழைய இறாத்தலைக் கிலோவாக்கிப் பார்த்தால்
முக்கால் கிலோ குறைகிறது.

"தராசு பழசு" என்றான் சந்தனம்.
எட்டிப் பார்த்த நிலைய அதிபர் விஜேகோன் மாத்தயா
"மிளகாய் காய்ந்து போயிருக்கும்" என்றார்,
தமிழில், சிரிக்காமல்.
மூன்று பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அது கொஞ்சம் ஆடி, நின்று, மறுபடி ஆடியது.

அப்போதுதான் அறைந்தது கதவு,
இத்தனை வருடக் காற்றையும் சேர்த்து வைத்திருந்ததுபோல.

மேடையில் இருந்தவர்கள் எல்லாரும்
வண்டி வந்துவிட்டதென்று
பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு
எழுந்து நின்றார்கள்.