குதிகால்

மூக்கையூர் மணலில் உச்சிவெயில்.
"பின்முட்டி தப்பாத் திரும்பியிருக்கே,
ஆயிரம் குறைச்சுக்கங்க"
என்றார் கோவைக்காரர்.

முட்டி இல்லைங்க அது.
முட்டி மேலே, தொடை முடிகிற இடத்தில்,
உங்களுக்குப் போலவே மடங்கும்.
நீங்கள் பிடித்திருப்பது குதிகால்.
முன்னங்காலில் முட்டி என்றீர்களே,
அது மணிக்கட்டு.

அப்புறம்,
'லேடீஸ் நாய்' என்று கூச்சப்பட வேண்டாம்.
பெட்டை.
பிலவேந்திரன் டாக்டர் அட்டையில்
அப்படித்தான் எழுதியிருக்கிறார்.
வசவாக்கியது நாம்தான்.

அவர் நம்பவில்லை.
செருப்பில் மணல் ஏறுதென்று கழற்றிவிட்டு
சுக்கானை நடத்திப் பார்க்கப் போனார்.

பத்தடி.
குதிகால் இரண்டும் தானாய் எழும்ப
விரல்நுனியில் ஓடிவந்தார்.
பக்கத்தில் சுக்கான்,
பிறந்ததிலிருந்து நடக்கும் அதே நடையில்.

விலை பேசவில்லை.
பணத்தை எண்ணும்போதும்
காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தார்.