இடப்பக்க இருமல்

கடையின் பின்னறையில் ஒரே ஒரு நாற்காலி.
"கொஞ்சம் முன்னால் வாருங்கள்,
இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான்" என்றான் கயேத்தான்.
இரண்டு ஸ்பீக்கருக்கும் என் தலைக்கும் நடுவே
கண்ணுக்குத் தெரியாத முக்கோணம் ஒன்று
இழுத்துக் கட்டியிருந்தது.
வாசலில் கையில் கோட்டோடு செனோன்,
விலைச்சீட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார்,
மருந்துப் புட்டியின் எச்சரிக்கையைப் படிப்பவர் போல.

க்டினியா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன் நான்.
நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து
இருபது டன் பெட்டியை
விரற்கடை பிசகாமல் இறக்குபவளுக்கு
இடம் வலம் யாரும் சொல்லித்தர வேண்டாம்.
பதின்மூன்றாம் மாதச் சம்பளம் வந்திருந்தது.
சமையலறை ரேடியோவின்
தகர டப்பாப் பாட்டு போதும் என்றிருந்தது.

முதல் ஆம்ப்ளிஃபயர்.
ஒரு சின்ன மணி ஒலித்தது.
"அது அடங்க எடுக்கும் நேரத்தைக் கேட்டீர்களா!"
கேட்டேன்.
மணி அடங்குவதைக் கேட்கவா மனிதர் கடன் வாங்குவது?

இரண்டாவது, வால்வு வைத்தது.
வெதுவெதுப்பாய்,
பீட்ரூட் சூப்பில் புளித்த பாலாடை கரைவதுபோல்,
எல்லார் குரலையும் நல்ல குரலாக்கியது.
செனோனுக்கு அதுதான் பிடித்தது.
விலையும் ஆயிரத்து இருநூறு ஸ்லோட்டி குறைவு.

பையிலிருந்து என் இசைத்தட்டை எடுத்தேன்.
துறைமுகத் தொழிலாளர் பாடற்குழு,
செங்கல் தேவாலயம், ஒரு பிப்ரவரி.
முந்நூறு போட்டதில் இருநூறு
நடத்துநர் ஒஸ்வால்டின் கட்டிலுக்கடியில் இன்னும் கிடக்கின்றன.
பிறர் குழந்தையை வாங்குவதுபோல்
இரு கையாலும் வாங்கித் துடைத்து வைத்தான் கயேத்தான்.

வால்வில் அழகாகத்தான் போயிற்று.
மூன்றாம் பாட்டு, இரண்டாம் அடி முடியும் இடத்தில்
அந்த இருமல்கூட
தேவாலயமே இருமியதுபோல் பொதுவாக.
திரும்பப் பதியக் காசில்லாமல்
தட்டோடு தட்டாகிவிட்ட இருமல்.
ஹால்ஷ்காவுக்கு அன்று சளி.
யாரும் அவள் பேரைச் சொல்லவில்லை.
யாரும் வேறு பேரையும் சொல்லவில்லை.
அடுத்த ஒத்திகைக்கு அவள் வரவில்லை,
அதற்கடுத்ததற்கும்.

"முதலாவதில் போடுங்கள்" என்றேன்.

சுவர்கள் விலகின.
கல்தரை வந்தது, அதன் குளிர் வந்தது.
யாரோ தாள் புரட்டினார்கள்.
பின்வரிசை ஆண்கள் தனித்தனி ஆட்களாய்
மூச்செடுத்து நின்றார்கள்.
மூன்றாம் பாட்டு.
இரண்டாம் அடி.
இடப்பக்க ஸ்பீக்கருக்கு ஒரு முழம் உள்ளே,
கையால் பொத்தி,
பாதி விழுங்கி,
மீதி மூக்கில் வந்த
என் இருமல்.

எங்கள் வரிசையின் ஒரு கோடியில் நான்.
ஹால்ஷ்கா மறுகோடியில், வலப்பக்கத் தூணருகே.
அந்தத் தூண்வரை துல்லியமாய்க் கேட்கிறது.
அங்கே யாரும் இருமவில்லை.

எனக்குத் தெரியாததா? பதினொரு வருடமாய்த் தெரியும்.
தெரிந்திருப்பது வேறு,
அது எதிரே வந்து
நாற்காலி உயரத்துக்கு நிற்பது வேறு.

"பார்த்தீர்களா, இருமியவர் நின்ற இடம்கூடத் தெரிகிறது!"
கயேத்தானுக்குத் தன் சரக்கின்மேல் பெருமை.
செனோன் விலைச்சீட்டை விட்டுவிட்டு
என்னைப் பார்த்தார்.
என் இருமலை இருட்டில் அடையாளம் தெரிந்தவர்.
"அந்த வால்வே போதுமே" என்றார், மெதுவாக.

ஆயிரத்து இருநூறு ஸ்லோட்டி.
நான் பேரம் பேசவில்லை.

லிஃப்டில் அட்டைப்பெட்டி நுழையவில்லை.
மூன்று மாடியும் சுமந்தோம், திட்டிக்கொண்டே.
அளவுநாடா பிடித்து முக்கோணம் போட்டு
நாற்காலிக்கால் படும் இடங்களில்
தரையில் டேப் ஒட்டியிருக்கிறேன்.

ஞாயிறு நாலு மணிக்கு வருகிறாள்.
இத்தனை வருஷத்துக்கப்புறம் என்ன, என்று கேட்டாள்.
புது ஸ்டீரியோ, என்றேன்.
சரியான இடம் ஒருவருக்குத்தான் உண்டு.
அதில் ஹால்ஷ்கா உட்காரட்டும்.
நான் நிற்பேன்,
இடப்பக்க ஸ்பீக்கருக்கு
ஒரு முழம் உள்ளே.