ஐம்பத்தொன்பது சுவர்கள்

கடலில் சுவர் ஏது என்கிறான் கோர்கா,
நீச்சல் கண்ணாடியை எச்சில் தொட்டுத் துடைத்தபடி.
தப்பில்லை அவன் சொல்வது.
ஜூனில், ஒண்டாரோவாத் துறைமுகத்துக்கு வெளியே,
ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்.
மூன்று ஆரஞ்சு மிதவைகள்.
தொட்டுத் திரும்ப ஒரு கல்லும் கிடையாது.
பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம்,
பிறகு யாருடைய கணவனோ பொரித்துத் தரும் மீன்.

நாமோ நாற்பதைத் தாண்டிய கற்றுக்குட்டிகள்.
நான் பகலெல்லாம் டப்பாவில் நெத்திலி அடுக்குகிறவள்.
நமக்கெதற்கு இட்சாசோ இந்தக் குட்டிக்கரணம்?

ஆனால் நான் எண்ணிவிட்டேன்.
இருபத்தைந்து மீட்டர் குளத்தில்
அறுபது நீளம், ஐம்பத்தொன்பது சுவர்.
ஒவ்வொன்றிலும் விளிம்பைப் பிடிக்கிறேன்.
ஒரு வாய்க் காற்று.
கண்ணாடியைச் சரிசெய்வதாக ஒரு பாவனை,
கடிகாரம் பார்ப்பதாக இன்னொன்று.
ஐம்பத்தொன்பது கைமாற்று.
கடல் யாருக்கும் கடன் தருவதில்லை.

கரணம் தப்பினால் மரணம் என்பார்கள்.
இங்கே அவ்வளவு கௌரவம்கூட இல்லை:
மூக்கு நிறையக் குளோரின்,
குதிகாலில் ஓட்டின் கீறல்,
ஒருமுறை ஷாபியேரின் விலா.
"அம்மணி, நான் நீந்த வந்தவன்,
உதைபட அல்ல."
அடுத்த தடத்தில் பத்து வயது ஒய்ஹானா
வாணலியில் மீன் புரள்வதுபோல் புரண்டு போகிறாள்.
அவளைப் பார்க்காமலிருக்கப் பழகினேன்.

மார்ச்சில் ஒரு வியாழன் அது சரியாக வந்தது.
சுவர் எங்கே என்று கால் அறிந்திருந்தது.
எனக்குத் தெரியவில்லை.

ஜூன்.
அலைதடுப்பைத் தாண்டியதும்
வழக்கமான பயம் வழக்கமான இடத்தில் வந்தது.
கை ஒரு விளிம்பைத் தேடும் என்று காத்திருந்தேன்.
தேடவில்லை.
கைக்கு அது மறந்திருந்தது.
அடுத்த வீச்சு, அடுத்தது,
வாயில் உப்பு,
இடப்பக்கம் யாருடையதோ முழங்கை.

போன வருஷத்தைவிட நாற்பது வினாடி குறைவு.
ஒரு கரணமும் போடத் தெரியாத கோர்கா
எனக்கு மூன்று நிமிஷம் முன்னால் கரையேறி
ஈர உடையைப் பாதி உரித்து நின்றிருந்தான்.
"சொன்னேனா?" என்றான்.

சொன்னான்தான்.
இன்றும் வியாழன், இன்றும் மூன்றாம் தடம்.
பத்துக்கு நாலு இன்னும் தப்புகிறது.
ஷாபியேர் தள்ளியே நீந்துகிறார்.