இடப்பக்கம்

கிச்சனரில் ஜனவரி.
ஈரமூட்டிகள் இரண்டும் இரவெல்லாம் மூச்சு விட்டும்
வால்நட் ஏடுகள் ஓரத்தில் சுருள்கின்றன.
அரை மில்லிமீட்டர் கனம்.
தும்மினால் கிழியும் என்பார் மிலோராட்.
தும்மல் வந்தால் கதவைத் திறந்து
பனியில் தும்மிவிட்டு வருவார்.

நயாகராப் பக்கம் ஒரு ஹோட்டல்.
அறுபத்துநான்கு கட்டில்களுக்குத் தலைப்பலகை.
ஒஹையோவிலிருந்து வந்தது மரமாக அல்ல, கட்டாக.
சீவிய வரிசை குலையாமல்,
மூலையில் வெண்கட்டியால் எண் போட்டு.

என் வேலை புத்தகம் திறப்பது.
மேல் ஏட்டை எடுத்து வைத்து
அடுத்ததைப் புரட்டி அதன் அருகே வைப்பேன்.
நடுத் தையலில் கோடும் கோடும் தொட்டுக்கொள்ளும்.
ஒரு கணு இரண்டு கண்ணாகும்.
பதினேழும் பதினெட்டும் சேர்ந்தால் ஓர் ஆந்தை.
இலோய்லோவில் தாதியாக இருந்த ரோவெனாவுக்கு
அது இடுப்பெலும்பின் எக்ஸ்ரே.
உறங்குபவர் தலைக்குமேல் எதுவும் விழித்திருக்கக் கூடாது என்று
ஹோட்டலிலிருந்து மின்னஞ்சல்.
இரண்டையும் ஒதுக்கிவைத்தேன்.

டிசம்பரில் ஒரு செவ்வாய் லீவு எடுத்தேன்.
மிசிசாகாவில் ஓர் அறை.
எங்கள் கல்யாணம் மெய்யா என்று பார்க்க
ஒருவரை வெளியே இருத்தி
ஒருவரைக் கேட்டார்கள்.

பற்பசையின் நிறம். பொருந்தியது.
மாமியாரின் முழுப்பெயர், எழுத்துப் பிசகாமல்.
நேற்றிரவு சமைத்தது யார்?
இருவருமே நான்தான் என்றோம்.
அதிகாரி சிரித்தார், அதை எழுதவில்லை.

கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பீர்கள்?

செந்தூரன் சொன்னது: நான் இடப்பக்கம்.
நான் சொன்னது: அவர் வலப்பக்கம்.

பேனா நின்றது.

அவர் படுத்தபடி சொல்லியிருக்கிறார்.
நான் கால்மாட்டில் நின்று
விரிப்பின் இரு முனை பிடித்து உதறுகிறவள்,
அங்கிருந்து சொன்னேன்.
திரும்பும் பேருந்தில்தான் இது பிடிபட்டது.
அவர் இரு கைகளையும் விரித்தார், மூடினார்,
மறுபடி விரித்தார்.
முன் இருக்கைப் பையன்
ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் தானும் விரித்தான்.

ரொம்பப் பொருந்தினாலும் ஆபத்து என்று
வக்கீல் முன்பே சொல்லியிருந்தார்.
அது எனக்குத் தெரியும்.
அச்சடித்த பலகையில் எல்லாம் பொருந்தும்,
நாலடிக்கு ஒருமுறை அதே கணு, அதே வளைவு.
விரல் வைத்தால் ஒரு கோடும் தட்டுப்படாது.

புரட்டிய ஏட்டில் வேறு சிக்கல்.
கத்தி இழுத்த பக்கம் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள்.
மறுபக்கம் இறுக்கம்.
சாயம் பூசினால் ஒன்று குடிக்கும்
ஒன்று நாவை நனைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.
விளக்கின் கீழே ஒன்று இருட்டு, ஒன்று வெளிச்சம்.
எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால்
இருண்டது வெளுத்து, வெளுத்தது இருண்டிருக்கும்.
வேறு மரத்தைக் கலந்துவிட்டீர்களா என்று
சண்டைக்கு வருவார்கள்.
மிலோராட் வாதாடுவதில்லை.
மேசையைச் சுற்றி ஒருமுறை நடங்கள் என்பார்.
சிலர் நடப்பார்கள்.
சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

முப்பது வேலைநாளில் கடிதம் வரும் என்றார்கள்.
இன்று இருபத்திரண்டு.

பதினேழையும் பதினெட்டையும் விலைக்குக் கேட்டேன்.
எட்டு டாலர், கழிவுக் கணக்கில்.
இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து
நீல நாடா ஒட்டி
பேருந்தில் மடிமேல் நிறுத்தி
பிரேக் போடும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு
வீடு சேர்த்தேன்.

செந்தூரன் சமையலறை மேசையில் விரித்தார்.
வெண்கட்டி எண்ணைத் தடவிப் பார்த்தார், அழிக்கவில்லை.
தண்ணீர் தொட்டுத் தையலில் பூசினார்.
மரம் சட்டென்று கறுத்து விழித்தது.

"ஆந்தையும் இல்லை ஒண்டுமில்லை,
ரெண்டு பேர் ஒரு குடைக்குள்ள நிக்கினம்."

நான் எதிரே நின்றிருந்தேன்.
அங்கிருந்து குடை கீழே கிடந்தது,
இரண்டு பேரும் தலைகீழாக.

மேசையைச் சுற்றி வந்தேன்.