கம்பக் கணக்கு

சேரிங் கிராஸிலிருந்து கோத்தகிரி காந்தி மைதானம் வரை
இருபத்தொன்பது கிலோமீட்டர் என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள்.
அப்பாவுக்கு அது ஐந்நூற்றுப் பதினெட்டுக் கம்பம்.
மின்வாரியத்தில் வயர்மேன்.
எது எந்த மழையில் சாய்ந்தது,
எதில் ஏறும்போது குளவி கொட்டியது,
எதன் அடியில் நின்றால் காட்டெருமை கிட்டே வராது
(இது அவராக நம்பியது)
எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி.

பதினேழு ஜனவரி ஓடினார்.
ஒருமுறைகூடக் கடைசிக்கு முந்தின ஆளாக வந்ததில்லை.

"தொண்ணூத்தாறுல ஒரு ஆளை முந்துனீங்களே"
என்று அம்மா ஆரம்பிப்பாள்.
"அவன் ஓட வந்தவன் இல்ல லூர்து,
மைனலையில மாட்டைத் தேடிப் போனவன்."
இந்த வழக்கில் எங்கள் வீட்டில்
இன்னும் தீர்ப்பு வரவில்லை.

ஆகவே ஆம்புலன்ஸ் போஜனை எங்களுக்கு நன்றாகத் தெரியும்.
கடைசி ஆளுக்குப் பின்னால்
முதல் கியரில் உருட்டிக்கொண்டு வருவது அவர் வேலை.
தொட்டபெட்டா ஏற்றத்தில் கதவைத் திறந்து
"ஏறிக்கிறீங்களா செபமாலை?" என்பார்,
பந்தியில் இன்னொரு அப்பளம் வைக்கட்டுமா என்கிற மாதிரி.
அப்பா கையை அசைப்பார்.
ஒரு வருஷம் போஜன் கேட்க மறந்துவிட்டார்,
அப்பாவுக்கு ஈஸ்டர் வரை கோபம்.

நாங்கள் அவசரமில்லாமல் எழுவோம்.
அம்மா எலுமிச்சைச் சாதம் கிளறி,
வர்க்கி வாங்கி, ஃபிளாஸ்கில் டீ ஊற்றி,
தைல பாட்டிலைப் பைக்குள் நிமிர்த்தி வைத்துப்
பதினொன்றரைக்கு மைதானம் போனால் சரியாக இருக்கும்.
பேனரைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள்.
மைக்செட்காரர் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருப்பார்.
பந்தயம் என்றாலே இதுதான் என்று
ஒன்பதாவது படிக்கும்வரை நினைத்திருந்தேன்:
ஆளில்லாத புல்,
மிதிபட்ட ஆரஞ்சுத் தோல்,
தூரத்து மூடுபனியில் சுழன்று சுழன்று
பெரிதாகும் ஒரு விளக்கு.

தம்பி முதன்முதலாக ஓடிய வருஷமும்
பதினொன்றரைக்குத்தான் போனோம்.
அவன் மூன்றாவதாக வந்திருந்தான்,
எட்டே முக்காலுக்கு.
கோப்பை கொடுத்து, போட்டோ எடுத்து,
"வீட்டார் யாராவது மேடைக்கு வரவும்" என்று
நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள்.
மைக்செட்காரர்தான் சொன்னார், ஒயரைச் சுற்றியபடியே.
"பையன் எங்கே?"
"இதை என் பெட்டி மேல வெச்சுட்டு
வந்த வழியே திரும்ப ஓடிட்டான்."

கட்டபெட்டுக்குச் சற்று முன்னால்
முந்நூற்று நாற்பதாவது கம்பத்தில்
அப்பாவைப் பார்த்திருக்கிறான்.
என்ன பேசினார்கள் என்று இருவருமே சொன்னதில்லை.
போஜனைக் கேட்டால்,
"பனி. கண்ணாடி ஏத்தியிருந்தேன்" என்பார்.

அன்றைக்குக் கடைசி இடத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள்.
தம்பி சாதத்தைத் தொடவில்லை.
வர்க்கியை மட்டும் டீயில் நனைத்துத் தின்றான்,
உதிர்ந்ததைக் கோப்பைக்குள் தட்டினான்.

அடுத்த வருஷம் அம்மா ஏழரைக்கே போய் நின்றாள்.
அவன் ஓடவில்லை. அதற்கப்புறம் எப்போதுமே.
திருப்பூரில் இருக்கிறான்.
ஜனவரி வந்தால் போன் பண்ணிப்
புல் வெளுத்திருக்கிறதா என்று கேட்பான்.

அப்பாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது.
இந்த வருஷம் நான் ஓடினேன்.
முப்பத்தொன்பது வயது, இரவல் ஷூ.
பத்தாவது கம்பத்திலேயே தெரிந்துவிட்டது
நான் யார் பெண் என்று.
பின்னால் முதல் கியர்.
முன்சீட்டில் அப்பா, மப்ளரோடு.

தும்மனட்டி தாண்டியதும் கம்பங்கள் இல்லை,
கேபிளைத் தரைக்கடியில் இறக்கிவிட்டார்கள்.
இருநூற்று முப்பது, இருநூற்று முப்பத்தொன்று...
பிடுங்கின இடங்களையும் அவர் விடாமல் எண்ணுவது
என்ஜின் சத்தத்துக்கு மேல் கேட்டது.

கதவு திறந்தது.
"ஏறிக்கிறியா பாப்பா?" என்றார் போஜன்.
நான் திரும்பிப் பார்ப்பதற்குள்
உள்ளேயிருந்து அப்பா கையை அசைத்துவிட்டார்.