உபரி நிமிசம்

ஆரப்பாளையத்தில் விடியுமுன் பஞ்சாயத்து.
உசிலம்பட்டி வழியில் மூன்று வண்டி.
யார் முன், யார் பின் என்பதில் சண்டையில்லை.

"எனக்குப் பின்னாடி ஆறு நிமிசமாவது விடணும்"
என்கிறார் ஒச்சப்பன்.
"எனக்கு அஞ்சு" என்கிறார் நடுவண்டி சகாயம்.
"முதல் வண்டி போய்ப் பத்து தாண்டுச்சுன்னா
செக்கானூரணியில எனக்கு ஆளே மிஞ்சாது"
கடைசி வண்டி முதலாளி பவுன்தாய்.

டிரிப் ஷீட்டின் பின்புறம்
மூன்று வட்டம் போட்டு அம்பு இழுத்தேன்.
ஆறு, அதோடு அஞ்சு,
திரும்பி வரும் அம்பில் பத்தைக் கழித்தால்
ஒன்று நிற்கிறது.
அஞ்சு மணிக்கு எடுத்தாலும் ஏழுக்கு எடுத்தாலும்
அதே ஒன்று,
நகர்த்த நகர்த்தக் கூடவே வருகிறது.

"மத்ததை நான் போட்டுர்றேன்.
யாராச்சும் ஒரு நிமிசம் குடுங்க."

டீயில் ஆடை படிந்தது.
சகாயம் கண்டக்டரைப் பார்த்தார்,
கண்டக்டர் தன் விசிலைப் பார்த்தான்.
"சரி, நாலு."

முதல் வண்டியை அஞ்சு பத்தில் அறைந்தேன்.
மற்ற இரண்டும் தாமே விழுந்தன:
அஞ்சு பதினாறு, அஞ்சு இருபது.
எங்கும் மயிரிழை தளர்வில்லை.

கையெழுத்து வாங்கி மடிக்கும்போதுதான் உறைத்தது,
காளவாசல் சிக்னலை
யாரும் பேச்சுக்குக் கூப்பிடவில்லை.